சிரமம் கையிலா, களத்திலா?

கோல்ஃப் வீடியோ கேம் வாங்க நினைப்பவர்கள் எது கஷ்டம், எது சுலபம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கஷ்டம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் தேர்வு எளிதாகும். பந்தை அடிக்கும் கையில் ஒரு கஷ்டம். எங்கே அடிப்பது என்று யோசிக்க வைக்கும் மைதானத்தில் இன்னொரு கஷ்டம்.

ஃப்ளோரிடாவில் பீட் டை வடிவமைத்து 1980-ல் திறக்கப்பட்ட டிபிசி சாக்ராஸின் 17-ஆம் குழி கைக்கு வைத்த சோதனை. சுமார் 137 கெஜம், கிரீனைச் சுற்றித் தண்ணீர். சரியாக அடித்தாக வேண்டும், வேறு வழியில்லை. அகஸ்டா நேஷனலின் 13-ஆம் குழி வேறு ரகம். இடப்பக்கம் வளையும் பார் 5. வளைவை ஒட்டி, ஓடைக்குப் பக்கத்தில் முதல் அடியை வைத்தவருக்கு இரண்டாவது அடியில் கிரீன் எட்டும். ஆனால் அதே ஓடை கிரீனுக்கு முன்னால் குறுக்கிடுகிறது. துணிவதா, ஓடைக்கு இப்பால் நிறுத்திக்கொள்வதா? 2023-ல் அந்தக் குழியை 545 கெஜமாக நீட்டியதே இந்தத் தயக்கம் மறைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

அகஸ்டா வேண்டுமென்றால் 2023-ல் வந்த இஏ ஸ்போர்ட்ஸ் பிஜிஏ டூரை வாங்குங்கள். நான்கு மேஜர் போட்டிகளும் அதில் உண்டு. சொந்தமாக மைதானம் கட்டும் வசதி கிடையாது. கட்டும் ஆசை இருப்பவர்களுக்கு பிஜிஏ டூர் 2கே வரிசை. கனடாவின் எச்பி ஸ்டூடியோஸ் 2014-ல் வெளியிட்ட 'தி கோல்ஃப் கிளப்' தான் அதன் வேர். ஆட்டக்காரர்களே கட்டிப் பகிர்ந்த மைதானங்கள் அதில் ஏராளம். என் ஓட்டு இதற்கே.

ஆனால் பொறுக்கத் தெரிய வேண்டும். கை பழகியவர்களுக்குத் திரையில் பாருக்குப் பதினைந்து அடி குறைவாக முடிப்பது பெரிய காரியமில்லை. உடனே இன்னும் கஷ்டம் கேட்கிறார்கள். கட்டுபவர்களும் ஃபேர்வேயை ஒற்றையடிப் பாதையாகக் குறுக்கி, கிரீனில் பந்து நிற்கவே விடாமல் செய்து, கொடியைச் சரிவின் விளிம்பில் நட்டுவிடுகிறார்கள். அங்கே தோற்பவர் எதையும் கற்றுக்கொள்வதில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸின் பழைய மைதானத்தைப் பாருங்கள்: அடிக்க இடம் தாராளம், ஆனால் தவறான பக்கத்தில் பந்து கிடந்தால் அடுத்த அடி பங்கரைத் தாண்டியாக வேண்டியிருக்கும். ஆகவே புதிய மைதானம் ஒன்றை இறக்கியதும் முதல் டீயில் நின்று பாருங்கள். பந்தை வைக்க இரண்டு இடங்களாவது தெரிகிறதா? ஆபத்தான பக்கத்திலிருந்து கொடிக்கு வழி திறக்கிறதா? திறந்தால், கட்டியவருக்கு விஷயம் தெரியும். பதினெட்டுக் குழியும் ஆடலாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் அமைப்புகளில் வீச்சின் கடினத்தைக் குறைத்துக்கொண்டு, காற்றையும் கிரீனின் வேகத்தையும் கூட்டுங்கள். கை தவறியதற்கான தண்டனை குறையும், யோசனைக்கு வேலை வரும்.

குழந்தைகளோடு ஆட, 1997-ல் ப்ளேஸ்டேஷனில் தொடங்கிய எவ்ரிபடீஸ் கோல்ஃப் வரிசை போதும். பட்டனை மூன்று முறை அழுத்தினால் ஓர் அடி.

கைபேசி மட்டும் இருப்பவர்களுக்கு ஜஸ்டின் ஸ்மித்தின் டெசர்ட் கோல்ஃபிங் (2014). மணலும் பந்தும் மட்டுமே. பார் கிடையாது, திரும்ப ஆடவும் வழியில்லை. ஒரு குழிக்கு நாற்பது அடி போனாலும் அந்த நாற்பதும் மொத்தக் கணக்கில் நிற்க, அடுத்த குழிக்கு நகர வேண்டியதுதான்.