புள்ளி விழாம வெட்டுவது எப்படி?

கடை ஸ்டாண்டில் தொங்கும் பேர் கீசெயின்களில் 'கவின்' இருக்கவே இருக்காது. ஸ்க்ரோல் சா இருந்தா, 6 மி.மீ. பலகையில் தமிழிலேயே வெட்டிடலாம்.

எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டி வரைஞ்சுக்கோங்க. சிக்கல் 'ன்' மேலிருக்கும் புள்ளிதான்: தனியா நிற்பதால் வெட்டியதும் விழுந்துடும். அதைச் சுற்றி மரத்தை விட்டு, எழுத்தோடு சேருங்க. நடுவில் போடும் ஓட்டைதான் புள்ளி, சாவி வளையமும் அதிலேயே!

அடுத்து சுழிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் 2 மி.மீ. ஓட்டை போட்டு, பிளேடின் மேல்முனையைக் கழற்றி, அதன் வழியா நுழைச்சு, மறுபடி மாட்டி இறுக்கணும் (பிளக்கைப் பிடுங்கிட்டு!). உள்வெட்டுகள் முதலில், வெளிக்கோடு கடைசியில், அதுவரை கையால் பிடிக்க மரம் வேணுமே.

மர ரேகை பேரின் நீளவாக்கில் ஓடணும். குறுக்கே ஓடினா, எழுத்துகள் ஒட்டும் மெல்லிய இடத்தில் படக்குன்னு உடையும்.