ஷெஃபுக்கு ஒன்றும் தெரியாதென்றால்

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் என்னிடம் ஆனா ஆவன்னா படித்த பிள்ளைகள் இப்போது தாதிகளாகவும் சமையற்காரர்களாகவும் வங்கி ஊழியர்களாகவும் நிற்கிறார்கள். முன்பெல்லாம் கோயில் திருவிழாவில் கண்டால் “மாஸ்ரர், சுகமா?” என்று கேட்டுவிட்டு ஐஸ்கிறீம் வண்டிப் பக்கம் ஓடுவார்கள். இப்போது என்னைக் கூட்டத்திலிருந்து தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் வேலையிடத்துக் கதை சொல்கிறார்கள். இந்த வருடம் மட்டும் நாலு பேர். நாலு பேருக்கும் ஒரே முறைப்பாடு: ஷெஃபுக்கு வேலை தெரியாது. (சுவிஸ் நாட்டு ஜெர்மனில் மேலே இருப்பவர் எவரும் ஷெஃப்தான். தொப்பி போட்டவரும் ஷெஃப், ரை கட்டியவரும் ஷெஃப்.)

முறைப்பாட்டில் பிழையில்லை. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்துதான் என்னை எழுத வைத்தது.

ஒருத்தி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். பிரிவுக்குப் புதிதாக வந்த பொறுப்பாளருக்கு அட்டவணை போடத் தெரியாது. இரவு பதினொரு மணிக்கு முடித்தவளைக் காலை ஏழுக்குத் திரும்பப் போடுவார். இடையில் பதினொரு மணித்தியால ஓய்வு வேண்டும், கிழமைக்கு ஒருதரம்தான் அதை எட்டாகக் குறைக்கலாம் என்பதை அவருக்கு இவள்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். வேலையை விட்ட அன்று யாரோ ஒருத்தி கேக் வெட்டிக் கொண்டாடுகிற வீடியோவைப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிறு இரவு இவளும் கடிதம் எழுதிவிட்டாள். அடுத்த வேலை கையில் இல்லை.

இன்னொருவன் சமையலில் மூன்று வருட லேற (தொழிற்பயிற்சி) முடித்தவன். அவனுடைய சமையலறைப் பொறுப்பாளருக்கு ஓடர் கொடுக்கத் தெரியாது. வெள்ளிக்கிழமை மீன் இராது, திங்கட்கிழமை இரண்டு பெட்டி வந்து நிற்கும். இவன் வீட்டில் போய்ச் சொல்ல, தகப்பன் சொன்னாராம்: “எத்தினை நாளைக்கு ஒருத்தனுக்குக் கீழ நிக்கப்போறாய்? நாங்களே ஒரு கடை போடுவம்.”

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திறமையில்லாத ஷெஃப் வேறு, கெட்ட ஷெஃப் வேறு. சம்பளம் தராதவர், பெண் பிள்ளைகளிடம் சேட்டை விடுபவர், நிறத்தைச் சொல்லித் திட்டுபவர் என்றால் இதை மூடிவைத்துவிட்டு இன்றைக்கே தொழிற்சங்கத்துக்குப் போங்கள். வேலைத் தகராறில் 30,000 பிராங் வரையான வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. நான் பேசுவது, மனம் நல்லது, கைதான் காணாது என்கிற ஆளைப் பற்றி. அவரிடமிருந்து தப்புவதற்கு அவசரம் இல்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது, வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்பது, வேறு வேலை தேடிக்கொண்டு போவது: இந்த மூன்றும் எல்லாருக்கும் தெரிந்த வழிகள். மாற்றம் என்பது பெரிய மருத்துவமனை, தபால், ரயில் மாதிரி இடங்களில்தான் நடக்கும். பத்துப் பேர் வேலை செய்கிற உணவகத்தில் மாறிப் போக ஒரு இடம்தான் உண்டு, கோப்பை கழுவுகிற மூலை. லேறயில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. சோதனைக் காலம் முடிந்தபின் லேற ஒப்பந்தத்தைச் சும்மா கடிதம் கொடுத்து முறிக்க முடியாது. இரு தரப்பும் ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பலமான காரணம் வேண்டும். மாநிலத்தின் தொழிற்கல்வி அலுவலகத்தில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். தாய் தகப்பனிடம் சொல்லமுன் அந்த ஆட்களிடம் பேசுங்கள்.

வேலை தேடிக்கொண்டு போகிறவர்களும் கடிதத்தில் சறுக்குகிறார்கள். முதல் வருடத்தில் ஒரு மாதம், இரண்டாவதிலிருந்து ஒன்பதாவது வருடம் வரை இரண்டு மாதம், அதன் பிறகு மூன்று மாதம் முன்னறிவித்தல். முடிவது மாதக் கடைசியில்தான். உணவகத் துறையின் கூட்டு ஒப்பந்தத்தில் ஐந்தாவது வருடம் வரை ஒரு மாதம், ஆறாவதிலிருந்து இரண்டு. எங்கள் ஆட்கள் 31ஆம் தேதி கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். போட்ட நாள் கணக்கில்லை, முதலாளி கையில் கிடைத்த நாள்தான் கணக்கு. ஒரு நாள் பிந்தினால் இன்னொரு மாதம் அதே ஷெஃபின் முகம். (அந்தக் கடிதத்துக்கு ஜெர்மனில் இருக்கிற சொல்லைத் தமிழில் எழுத எனக்குக் கூச்சம். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.)

ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே நடப்பது படத்தில் நன்றாக இருக்கும். இங்கே தகுந்த காரணம் இல்லாமல் அப்படிப் போனால், மாதச் சம்பளத்தின் கால்வாசியை முதலாளி நட்டஈடாகக் கேட்கலாம். ஷெஃபுக்கு வேலை தெரியாது என்பது தகுந்த காரணம் ஆகாது. டொக்டரிடம் கடிதம் எடுத்துக்கொண்டு வீட்டில் இருப்பதும் ஒரு நாகரிகமாகிவிட்டது. உண்மையிலேயே முடியாதென்றால் எடுங்கள், தந்திரத்துக்கு எடுக்காதீர்கள். நோயில் இருப்பவருக்கு முதல் வருடத்தில் 30 நாள், ஐந்தாவது வருடம் வரை 90, பிறகு 180 நாள் என்று ஒரு பாதுகாப்பு உண்டுதான். அது முதலாளி உங்களை நிற்பாட்டுவதற்கு எதிரான வேலி. நீங்களே கடிதம் கொடுத்திருந்தால் அந்த வேலி இல்லை.

கடிதம் எழுதிய பிள்ளைக்கு வருவோம். வேலையற்றோர் காப்புறுதி இருக்கிறதுதானே என்று நினைத்திருக்கிறாள். இருக்கிறது, ஆனால் அடுத்த வேலை உறுதியாகாமல் தானாக விட்டவரின் பிழையைப் ‘பாரதூரமானது’ என்று எடுத்து வழமையாக 31 முதல் 60 நாள் வரை வெட்டுவார்கள். அவளுக்கு 31. சம்பளம் 5,000 பிராங், பிள்ளைகள் இல்லாததால் 70 வீதம், மாதத்துக்கு 21.7 நாள் என்று பிரித்தால் நாளுக்கு 161 பிராங். 31 நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள், முழுதாக ஒரு மாதச் சம்பளம். அந்த வேலை உடம்பைக் கெடுக்கிறது, விடத்தான் வேண்டும் என்று டொக்டர் எழுத்தில் தந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். அதையும் கடிதம் எழுதுவதற்கு முன் வாங்கியிருக்க வேண்டும். கேக் வெட்டிய பெண் இதொன்றையும் சொல்லவில்லை.

அவளுக்குப் போனது ஒரு மாதச் சம்பளம். உழைத்துப் பிடித்துவிடலாம். எனக்குப் பயம் அந்தத் தகப்பனின் யோசனையில்தான்.

சுவிஸில் எங்கள் தலைமுறையில் ஒரு நோய் இருக்கிறது. 83 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, கோப்பை கழுவி, இருபது வருடம் வெள்ளைக்காரனின் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு, ‘நானே முதலாளி’ என்பது வேலை இல்லை, விடுதலை. அதற்குக் காசு எங்கே இருக்கிறதென்றும் எல்லாருக்கும் தெரியும். பென்ஷன் காசு. சொந்தத் தொழில் தொடங்குகிறவர் இரண்டாவது தூணில், அதாவது வேலையிடத்து ஓய்வூதியத்தில், சேர்ந்த காசைக் கையில் எடுக்கலாம் என்று சட்டம் விடுகிறது. விடுவதோடு சில கொக்கிகளும் போட்டிருக்கிறது, அவற்றைக் கோயில் வாசலில் யாரும் சொல்வதில்லை. எடுப்பவரே தொழில் செய்ய வேண்டும். மகன் பேரில் கடை, தகப்பனின் பென்ஷன் காசு என்பது நடக்காது, தகப்பனும் வேலையை விட்டுவிட்டு முதலாளியாக வேண்டும். மகனிடம் எடுக்க எதுவும் இல்லை, 25 வயதில்தான் முதுமைக்கான சேமிப்பே தொடங்குகிறது. 20,000 பிராங் முதல் போட்டுக் கம்பனியாகப் பதிந்தால் நீங்கள் உங்கள் கம்பனியின் தொழிலாளி, அப்போதும் காசு வராது. கல்யாணம் செய்தவரென்றால் துணையின் கையெழுத்து வேண்டும். காசு வந்தபின் தனியாக வரிக் கடிதமும் வரும்.

அந்தக் கையெழுத்தைப் பற்றி எனக்குத் தெரியும். 2004இல் என் மனைவி அந்தப் படிவத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்து, ஒன்பது நாள் கையெழுத்து வைக்காமல் இருந்தாள். பால் எடுக்கக் கதவைத் திறக்கிற ஒவ்வொரு தரமும் அது முகத்துக்கு நேரே வரும். பத்தாம் நாள் வைத்தாள். 27,000 பிராங். பதினொரு வருடம் ஒரே சமையலறையில், ஓடர் கொடுக்கத் தெரியாத ஒரு ஷெஃபுக்குக் கீழே நின்று சேர்த்தது. அவரை விட எனக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ரயில் நிலையத்துக்கு அருகே கொத்தும் ரோல்ஸும் போடுகிற ஒரு சின்னக் கடை, ஐந்து வருட வாடகை ஒப்பந்தம்.

என் கொத்தைப் பற்றி எவரும் குறை சொல்லவில்லை. ஆனால் கடை கொத்தில் நடப்பதில்லை. நான்கு பேருக்கு அட்டவணை போட வேண்டும், ஒரு பிள்ளைக்குப் பரீட்சை, ஒருவருக்கு முழங்கால் வருத்தம். நான் பென்சிலால் போட்டு, அழித்து, திரும்பப் போட்டு, கடைசியில் வெள்ளி இரவு தொலைபேசியில் சத்தம் போடுவேன். கோழி கூடுதலாக வரும், பாண் வராது. ஓய்வூதியத் தவணையும் காப்புறுதித் தவணையும் தவறாமல் வந்தன. சொந்தத் தொழில்காரருக்கு வேலையற்றோர் காப்புறுதி இல்லை, விபத்துக் காப்புறுதியும் தானாகக் கேட்டுப் போட்டால்தான் உண்டு. எண்ணெயில் கை சுட்ட கிழமை, கட்டுப் போட்ட கையோடு நின்றேன். மூன்றாம் வருடம்தான் புரிந்தது, என் பழைய ஷெஃப் செய்த எல்லாவற்றையும் நான் செய்துகொண்டிருக்கிறேன், அவரை விடக் கூடச் சத்தத்தோடு. அவரும் ஒருநாள் யாரிடமோ கோபித்துக்கொண்டு வந்து கடை போட்டவர்தான்.

ஆகவே என் சொல்லைக் கொஞ்சம் கழித்தே எடுங்கள். கடை போட்டு நல்லாயிருக்கிறவர்கள் சூரிச்சிலும் பேர்ணிலும் இருக்கிறார்கள், எனக்கு அவர்களைப் பிடிப்பதில்லை என்பது வேறு விடயம். ஆனால் அவர்களைக் கவனித்திருக்கிறேன். அவர்கள் கோபத்தில் தொடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பற்றுச்சீட்டுகளை அடுக்கிவைத்துக் கணக்குப் பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு சுகம் இருக்கிறது. உனக்கு அந்தச் சுகம் இருக்கிறதா என்று அந்தப் பையனைக் கேட்டேன். “எனக்குச் சமைக்கத்தான் விருப்பம், மாஸ்ரர்” என்றான். அப்படியென்றால் சமை. ஷெஃபின் ஓடர் புத்தகத்தை நீ வாங்கிக்கொள், ஆறு மாதம் நீ கொடுத்துப் பார். அவருக்குத் தெரியாததெல்லாம் நீ சம்பளத்தோடு படிக்கிற படிப்பு. அதன் பிறகும் கடை என்ற எண்ணம் விடவில்லையென்றால் தகப்பனின் காசைத் தொடாமல் ஒரு வழி இருக்கிறது. தன் பிழையில்லாமல் வேலை போய்க் காப்புறுதி எடுக்கிறவர் தொழில் திட்டம் போடுவதற்கென்று 90 நாள் வரை விசேட கொடுப்பனவு கேட்கலாம், திட்டத்தையும் ஒருவர் தட்டிப் பார்ப்பார். இருபத்திரண்டு வயதில் ஆறு மாதம் என்பது பெரிய காலமாகத்தான் தெரியும். லேறயில் வெங்காயம் மட்டும் வெட்டிய மாதங்களும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

வேலைச் சான்றிதழைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். கடிதம் கொடுக்கமுன் இடைக்காலச் சான்றிதழ் ஒன்று கேட்டு வாங்குங்கள். எந்த நேரமும் கேட்க உரிமை உண்டு. உண்மையாகவும் நல்லெண்ணத்தோடும் எழுத வேண்டும் என்பதால் இங்கே முதலாளிமார் மறைபாஷையில் எழுதுவார்கள். ‘எங்கள் முழுமையிலும் முழுமையான திருப்திக்கு வேலை செய்தார்’ என்றிருந்தால் இலக்கணம் பிழை, மதிப்பெண் உச்சம். வெறும் ‘திருப்திக்கு’ என்றிருந்தால் அரை மனது.

என் கடையில் மூன்று வருடம் நின்ற தங்கச்சி ஒருத்தி விலகிப் போகும்போது சான்றிதழ் கேட்டாள். நன்றாக வேலை செய்பவள். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு இரவு முழுக்க இருந்து, ‘எப்போதும் முயற்சி செய்தார்’ என்று ஜெர்மனில் எழுதிக் கொடுத்தேன். தமிழில் அது எவ்வளவு பெரிய பாராட்டு. இரண்டு கிழமை கழித்து, கடை பூட்டுகிற நேரத்தில் வந்தாள். தாளைக் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே வைத்தாள். அந்த வரிக்குக் கீழே யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள்.

“அண்ணை, இதுக்கு இவங்கட பாஷையில, முயற்சி செய்தவ, ஆனா ஒண்டும் சரிவரேல்லை எண்டு அர்த்தமாம்.”

சத்தம் போடவில்லை. உள்ளே வந்து, கணினிக்கு முன்னால் இரண்டாவது கதிரையை இழுத்துப் போட்டாள். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். அச்சுப்பொறியில் மை குறைந்திருந்தது. இரண்டாவது தாளில்தான் என் பெயர் முழுதாக வந்தது.