தூற்றுவோர்க்கு விடை யாது?

நமது ஞாயிறு வகுப்பிற்கு வரும் சகோதரர் ஒருவர் பெங்களூரில் பழைய ஆலைக் குடியிருப்பையொட்டிச் சிறு சலூன் ஒன்று நடத்துகின்றார். நாற்காலி இரண்டு, வேலையாள் ஒருவர், வாடகைக் கடை. ஆறாண்டுகளாக ஒரு குடும்பத்தைக் காத்த அக்கடைக்கு எதிரே சென்ற ஆண்டு மற்றொருவர் கடை திறந்தார். மூன்றாம் மாதமே ஒரு பேச்சுப் பரவலாயிற்று: “அங்கே போகாதீர்கள், ஒரே பிளேடை நாலு பேருக்குப் போடுகிறான், அவன் துண்டு பட்டால் படர்தாமரை வரும்.” ஞாயிறுதோறும் முப்பது பேர் வந்த இடத்தில் பன்னிருவரே வந்தனர். இரண்டு மாத வாடகை நின்றுபோயிற்று.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் சகோதரர் நம்மிடம் வந்தார். “ஐயா, அவனை முன்பிருந்த ஊரில் ஏன் விரட்டினார்கள் என்பது எனக்குத் தெரியும். பலகையில் எழுதி வாசலில் மாட்டப்போகிறேன். நீங்கள் சொல்லும் நல்வாய்மை என் வாடகையைக் கட்டுமா?” என்றார். கேள்வி நேர்மையானது. ஆகவே அதனையே இப்பாடத்திற்குப் பொருளாக்கினோம்.

சொல்லால் விளையும் குற்றம் நான்கென அன்பர்கள் அறிவர்: பொய், குறளை, வன்சொல், வீண்சொல். இவற்றுள் குறளையாவது, ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிக்கும் பொருட்டு அவர் இல்லாவிடத்தில் சொல்லப்படுவது. வியாபாரத்தில் வழங்கும் தூற்றல் பொய்யும் குறளையும் கலந்த சரக்கு.

இச்சரக்கு புதியதன்று. தீக நிகாயத்தின் முதற் சூத்திரமாகிய பிரம்மஜாலம் இதனைக் கொண்டே தொடங்குகின்றது. பகவான் ராஜகிருகத்திலிருந்து நாளந்தை நோக்கி நடந்து செல்கின்றார். சுப்பியன் என்னும் வேற்று மதத்துறவி பின்னே வந்துகொண்டே புத்தரையும் தன்மத்தையும் சங்கத்தையும் பலவாறு இகழ்கின்றான். அவன் கூடவரும் மாணாக்கனோ புகழ்கின்றான். சுப்பியனின் இகழ்ச்சிக்கு உரையாசிரியர் காட்டும் காரணம் எதிர்க்கடைக்காரருடையதே: தன் கூட்டத்தாருக்கு வந்த காணிக்கையும் மரியாதையும் குறைந்துவிட்டமை. விடிந்தபின் பிக்ஷுக்கள் இதைப் பேசிக்கொண்டிருக்க, பகவான் வந்து கேட்டறிந்து, பிறர் இகழ்ந்தால் சினங்கொள்ளாதீர் என்கின்றார். அவர் கூறும் காரணத்தை நாம் ஊன்றி நோக்கவேண்டும். சினங்கொண்டால், அவர்கள் சொன்னது மெய்யா பொய்யா என்று உங்களால் அறிய முடியுமா என்று வினவுகின்றார். பொய்யானதைப் பொய்யென விளக்குங்கள் என்றும் சொல்கின்றார். வாய்மூடி இருங்கள் என்று அவர் சொல்லவில்லை. பௌத்தன் என்றால் அடித்தாலும் அசையாத கல் என்று எண்ணுவோர் இவ்விடத்தை மறுபடியும் படிக்கட்டும்.

ஆகவே நாம் சகோதரரிடம், “தம்பி, பலகை இருக்கட்டும், முதலில் அவன் சொன்னதில் மெய் எவ்வளவு என்று பார்ப்போம்” என்று கூறி, மறுநாள் அவர் கடைக்குச் சென்று ஒரு மூலையில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தோம். பிளேடு பற்றிய பேச்சு முழுப்பொய். ஒவ்வொருவருக்கும் புதுப் பிளேடை உறையோடு இரண்டாக முறித்து, பாதியைக் கத்தியில் செருகியதைக் கண்ணாரக் கண்டோம். ஆனால் அவர் அதைச் சுவரைப் பார்த்து நின்று செய்தார். நாற்காலியில் இருப்பவர் காண வழியில்லை. படிகாரக் கல்லோ ஒரே கல். அது எல்லார் கன்னத்திலும் ஏறி இறங்கிற்று. கீறிய தோலில் அப்படிச் செய்வது தகாது. ஈரல் நோய் தரும் ஹெபடைடிஸ் பி கிருமி, உலர்ந்த இரத்தத்திலும் 7 நாட்களுக்குக் குறையாமல் உயிர்த்திருக்கும். துண்டுகள் மொத்தம் ஆறு. இரவில் மட்டுமே துவைப்பு. ஒன்றை எடுத்து முகர்ந்தோம். ஆலையில் கஞ்சி போட்ட பாவு நூல் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும்போது எழும் வாடையை இந்த மூக்கு இருபதாண்டு அறியும். அவ்வாடை அதில் இருந்தது. படர்தாமரை அத்தகைய துண்டின் வழியே ஒட்டுவது உண்மை.

சகோதரரின் முகம் சிறுத்துவிட்டது. எதிரி சொன்ன இரண்டில் ஒன்று பாதி மெய். பலகை மாட்டியிருந்தால் அதை அவர் அறிந்திருக்கவே மாட்டார்.

இங்கே நமது குற்றம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நாம் ஆலையில் இரவு முறையில் இருந்த காலத்தில், ஆலை வாசலருகே ஒரு முதியவர் சவரக்கடை வைத்திருந்தார். அவர் கையில் தொற்றுநோய் என்று யாரோ சொல்ல, தேநீர் வேளையில் நாமும் அதைப் பத்துப் பேரிடம் சொன்னோம். அக்கடைக்குள் நாம் ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை. இரண்டு மாதத்தில் கடை மூடப்பட்டது. அது தீப்பட்ட தழும்பு என்று பின்னர் அறிந்தோம். மன்னிப்புக் கேட்கப் போனபோது, அவர் எந்த ஊருக்குப் போனார் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

ஆதலால் நாம் அறிந்து சொல்வது இது. தூற்றுவோன் ஒருவன், அதைச் சுமப்போர் பலர். சுமப்போருக்குக் கடைக்காரரிடம் பகை ஏதுமில்லை. சும்மா இருந்த வாய்க்கு ஒரு வேலை, அவ்வளவே. விடை சொல்லவேண்டியது இவர்களுக்கு. இவர்கள் சொல்லை நம்பி எடுத்த சுமையைக் கண்ணால் கண்டால் இறக்கிவைப்பர். எதிரியின் பழைய கதையைப் பலகையில் எழுதினால் இரண்டாவது சுமை ஒன்றை ஏற்றியவர்களாவோம்.

சகோதரர் செய்தவை இவை. கடன் வாங்கி இருபத்துநான்கு துண்டு வாங்கினார். ஒருவருக்கு ஒன்று, பயன்பட்டது தனிக்கூடையில். படிகாரக் கல்லை எறிந்துவிட்டுத் தூளாக்கி, ஆளுக்கொரு பஞ்சில் தொட்டு வைத்தார். பிளேடை வாடிக்கைக்காரர் கண்ணெதிரில் முறித்தார். கேட்டவருக்கு மட்டும், “துண்டு விஷயத்தில் குறை இருந்தது, திருத்திவிட்டேன், பிளேடு விஷயம் பொய், பாருங்கள்” என்று ஒருமுறை சொன்னார். கேளாதவரிடம் பேச்செடுக்கவில்லை. கழுத்தில் கத்தி இருக்கும்போது மறுத்துப் பேச யாருக்கு வரும்? அந்நிலையில் ஒருவர் காதில் எதிர்க்கடையைப் பற்றி ஓதுவது, பலகை மாட்டுவதினும் கீழானது. வேலையாளுக்கும் இதையே விதித்தார்.

பின்பு கடை விடுமுறையான செவ்வாயன்று தனியே எதிர்க்கடைக்காரர் வீட்டிற்குச் சென்றார். சாட்சி சேர்த்துக்கொண்டு போயிருந்தால் அவர் கூசி எதிர்த்திருப்பார். “அண்ணே, பிளேடு பற்றி நீங்கள் சொன்னது பொய். துண்டு பற்றிச் சொன்னது சரி, திருத்திக்கொண்டேன்” என்றார். அவர் தாம் ஒன்றும் சொல்லவேயில்லை என்று சாதித்தார். வாக்குவாதமின்றி இவர் திரும்பினார்.

சட்டம் இல்லையா என்று வகுப்பில் ஒரு தங்கை கேட்டாள். உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 356-ஆம் பிரிவு அவதூற்றைக் குற்றமென்கின்றது. போலீசாரிடமன்றி நேரே மாஜிஸ்திரேட்டிடம் புகார் செய்யவேண்டும். நஷ்டஈடு கோரி வழக்கிடுவதாயின் ஓராண்டுக்குள் இடவேண்டும். எனவே யார், எந்நாள், யாரிடம் சொன்னார் என்று குறித்து வைப்பதில் தவறில்லை. சகோதரரையும் குறித்துவைக்கச் சொன்னோம். ஆயினும் வாடகைக்கே திண்டாடுபவர் வக்கீலுக்குக் கொடுக்க எங்கே போவார்?

ஐந்து மாதம் கடந்தது. ஞாயிறன்று இப்போது இருபத்துநால்வர் வருகின்றனர். ஒரு மாத வாடகை இன்னும் பாக்கி. சிலர் திரும்பவே இல்லை. எதிர்க்கடைக்காரரும் பேச்சை முற்றிலும் நிறுத்தவில்லை என்றே கேள்வி. ஆனால் சென்ற வாரம் அவர் கடைக் கொடியிலும் பத்துப் பன்னிரண்டு புதுத் துண்டுகள் உலர்ந்துகொண்டிருந்தன. அடுத்த ஞாயிறு வன்சொல்லை எடுத்துக்கொள்வோம்.