கொள்ளைநோயும் மருத்துவமனை வாயிலும்

நோய் வந்தால் மருத்துவனை நாடுக என்பது சொல்லுதற்கு எளிது. ஒரு நகரம் முழுவதும் ஒருங்கே நோய்ப்பட்ட காலத்து அது எத்துணை அரிது என்பதனை 2020, 2021ஆம் ஆண்டுகளிற் கண்டவர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவ்வாண்டுகளில் நேர்ந்த இடர்கள் யாவும் புதியன அல்ல. மருத்துவமனை இருத்தல் வேறு; நோயாளி அதனை அடைதல் வேறு. இவ்விரண்டிற்கும் இடையே கிடக்கும் வழியே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருளாம்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிப் பாட்டு, மருத்துவத்தினை நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என நான்காக வகுக்கின்றது. நோயுற்றவன் முதற்கண் வைக்கப்பெற்றிருத்தலும், உதவுவோன் மருந்தோடு ஒப்ப எண்ணப்பெற்றிருத்தலும் நோக்கத்தக்கன. பெருநோய்கள் பரவிய காலங்களில் ஆட்சியாளர் நடுவணுள்ள இரண்டினையே பெரிதும் நினைந்தனர். முதலையும் கடையையும் மறந்தனர். மறந்ததனால் விளைந்தது யாதென்பதற்குப் பம்பாயும் பூனாவும் சான்று பகரும்.

1896ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்டவி என்னும் பகுதியில், அக்காசியோ வியேகாஸ் என்ற கோவா நாட்டு மருத்துவர் தம்மிடம் வந்த நோயாளிகட்குக் கண்டிருப்பது பிளேக் நோய் என்று துணிந்து வெளியிட்டார். அடுத்த திங்கள் 6ஆம் நாள் நகராண்மை ஆணையாளர் ஓர் அறிக்கை விடுத்தார். நோயுற்றோரைப் பிரித்து வைக்கவும், வேண்டின் வலிந்து மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவும் அவ்வறிக்கை அதிகாரந் தந்தது. நோக்கம் தீயதன்று. ஆயின் அதனைக் கேட்ட மக்கள் உளத்தில் எழுந்தது நன்றியன்று, நடுக்கமே. சாதியாசாரங் கெடும் என்று அஞ்சினோர் சிலர். பெண்டிரை அயலார் தொடுவர் என்று கலங்கினோர் பலர். மருத்துவமனையில் உடலை அறுத்து எண்ணெய் வடிக்கின்றனர் என்ற வதந்தியும் தெருத்தோறும் உலாவிற்று. இதனை அறியாமை என்று நகைத்துவிடுதல் எளிது. ஆனால் அவ்வச்சத்திற்கு ஒரு மெய்க்காரணமும் இருந்தது. நோய் முற்றிய பின்னரே பெரும்பாலோர் அங்குக் கொண்டு செல்லப்பெற்றனர். சென்றோருள் மிகப் பலர் மீளவில்லை. சென்றவர் மீளாத இடத்தைக் கூற்றுவன் இல்லம் என்று கருதாதிருத்தல் எவர்க்கு இயலும்? அஞ்சி நோயை மறைத்தனர்; மறைத்தமையால் நோய் முற்றிற்று; முற்றியபின் சென்று மாண்டனர்; மாண்டமையால் அச்சம் வளர்ந்தது. இச்சுழலை நம் மாணவர் நன்கு மனத்திருத்தல் வேண்டும். பின்னரும் இதனைக் காண்போம்.

அவ்வக்டோபர் இறுதியில் ஆலைத்தொழிலாளர் பெருந்திரளாய்க் கூடி ஆர்தர் சாலையிலுள்ள தொற்றுநோய் மருத்துவமனையைத் தாக்கினர். தம்மைக் காப்பதற்கென்று எழுப்பிய கட்டிடத்தையே மக்கள் தாக்கினர் என்றால், குற்றம் அவர் அறிவில் மட்டும் இல்லை என்பது வெளிப்படை. நகராண்மையாரும் இதனை உணர்ந்து, வீட்டிலேயே தக்கவாறு பிரித்து வைக்கத்தக்க நோயாளியை விட்டுவிட இசைந்து விதியைத் தளர்த்தினர். பின்னர் பார்சிகளும், வணிகச் சாதியினரும், பிறரும் தத்தமக்கெனத் தனித்தனி மருத்துவமனைகள் அமைத்துக்கொள்ள இடந்தரப்பெற்றது. அங்குத் தம் உணவும், தம் உறவினரும், தம் மொழி பேசும் ஏவலாளரும் உண்டு. மக்கள் அஞ்சாது சென்றனர். சாதிக்கொரு மருத்துவமனை என்பது நமக்கு உவப்பான ஏற்பாடன்று. ஆயினும் உடனிருப்போர் யாவர் என்பதைப் பொறுத்தே நோயாளியின் கால் வாயிலைக் கடக்கும் என்னும் உண்மை அதனால் விளங்கிற்று.

1897 பிப்ரவரி 4ஆம் நாள் தொற்றுநோய்ச் சட்டம் நிறைவேறிற்று. சில உட்பிரிவுகளே கொண்ட சிறு சட்டம். அது தந்த அதிகாரமோ மிகப் பெரிது. பூனாவில் வால்டர் ராண்டு என்னும் அதிகாரியின் தலைமையில் படைவீரர் வீடுவீடாய்ப் புகுந்து சோதித்தனர். பூசையறையிலும் அடுக்களையிலும் பூட்சுக் காலொடு நடந்தனர் என்பது ஊரார் முறையீடு. பண்டிதை ரமாபாய், தாம் ஒரு கிறிஸ்தவராயிருந்தும், அந்நகரத்து நோய்முகாமில் பெண்டிர் நடத்தப்பெற்ற முறையைக் கண்டித்துப் பம்பாயில் வெளிவந்த கிறிஸ்தவ இதழொன்றிற்கே கடிதம் எழுதினார். திலகர் இந்துக்களுக்கெனத் தனியே ஒரு பிளேக் மருத்துவமனை நிறுவ முனைந்துழைத்தார். சூன் 22ஆம் நாள் இரவு சாபேகர் சகோதரர் ராண்டைச் சுட்டனர். சின்னாட்களில் அவர் இறந்தார்.

இத்துணை வலிமை செய்தும் பயன் யாது? பிளேக் நோயின் கிருமியை 1894இல் ஆங்காங்கில் யெர்சின் கண்டிருந்தார். அது மனிதர்க்கு வரும் வழி எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சி என்பதனைப் பால் லூயி சைமண்டு கராச்சியில் ஆராய்ந்து கூறியது 1898இல். அவர் கூற்றையும் உலகம் உடனே ஏற்கவில்லை. எனவே 1897இல் வீரர்கள் மனிதரைத் துரத்திக்கொண்டிருந்தபோது, நோயைச் சுமந்த எலிகள் வளைகளில் தடையின்றித் திரிந்தன. நிணக்கட்டி காணும் வகையினதாகிய பிளேக் பெரும்பாலும் நோயாளியின் மூச்சால் பரவுவதன்று. வலிந்து பிரித்ததனால் நோய் தடைப்பட்டது சிறிது. நம்பிக்கை தகர்ந்தது பெரிது.

அதே பூனாவில், அதே ஆண்டின் தொடக்கத்தில், வேறொரு முறையும் நிகழ்ந்தது. பெண்கல்விக்குத் தம் வாழ்நாளை அளித்த சாவித்திரிபாய் பூலே அம்மையார், மருத்துவராகிய தம் வளர்ப்பு மகன் யசுவந்தனைக் கொண்டு நகர்ப்புறத்தே நோயாளிகட்கு ஒரு சிகிச்சையிடம் அமைத்தார். அப்போது அம்மையார்க்கு வயது 66. முண்டுவா என்னும் சேரியில் ஒரு சிறுவன் நோயுற்றுக் கிடப்பதை அறிந்து, அவனைத் தம் முதுகிற் சுமந்து சிகிச்சையிடம் சேர்த்தார் என்பர். நோய் அம்மையாரையும் பற்றிற்று. 1897 மார்ச்சு 10ஆம் நாள் உயிர்நீத்தார். எரிகோ வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தன் விலங்கின்மேல் ஏற்றிச் சத்திரத்திற் சேர்த்த சமாரியனை நம் வகுப்பறைகளிற் பலகாற் கேட்டிருக்கின்றோம். இவ்வம்மையாருக்கு விலங்கும் இல்லை. படைவீரர் இழுத்துச் சென்றதும் நோயாளியைத்தான். அம்மையார் சுமந்து சென்றதும் நோயாளியைத்தான்.

நிற்க. 1918ஆம் ஆண்டு சூன் திங்களில் இன்புளுவென்சாச் சுரம் பம்பாய்க்கு வந்தது. துறைமுகத்திற் பணிபுரிந்த காவலரே முதலிற் படுக்கையில் வீழ்ந்தனர். செப்டம்பரில் மீண்டெழுந்த இரண்டாம் அலையே கொடியது. அக்டோபர் 6ஆம் நாள் ஒன்றில் மட்டும் அந்நகரில் 768 பேர் இறந்தனர். பிளேக்குக் காலத்திற் கற்ற பாடத்தால் அரசினர் இம்முறை வீடு புகுந்து இழுக்கவில்லை. மற்றோர் எல்லைக்குச் சென்று பெரும்பாலும் ஒதுங்கியே நின்றனர் எனலாம். மருத்துவர் பலர் போர்ப்பணிக்குச் சென்றிருந்தனர். மழையும் பொய்த்தது, தானிய விலை ஏறிற்று. இந்தியாவில் மாண்டோர் ஒரு கோடியே இருபது லட்சத்திற்குக் குறையார் என்றும், இரண்டு கோடியை அணுகுவர் என்றும் பின்வந்த ஆராய்ச்சியாளர் கணக்கிடுகின்றனர்.

அப்போது அந்நோய்க்கென ஒரு மருந்தும் இல்லை. அஃதாவது, குறள் கூறிய நான்கனுள் மூன்றாவது அறவே இல்லை. எனினும் எல்லோரும் ஒருபடித்தாக இறக்கவில்லை. பம்பாயில் அச்சுரத்தால் ஆயிரம் பேர்க்கு இறந்தோர், ஐரோப்பியருள் 8.3, பார்சிகளுள் 9, இந்தியக் கிறிஸ்தவருள் 18.4, தாழ்த்தப்பட்ட வகுப்பினருள் 61.6. இவ்வெண்களை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டுகின்றோம். கிருமி ஒன்றே. மருந்து எவர்க்கும் இல்லை. ஆயின் காற்றோட்டமுள்ள அறையும், நல்லுணவுண்ட உடலும், வேளைக்குக் கஞ்சியும் வெந்நீரும் தந்து அருகிருப்பாரும் சிலர்க்கு இருந்தன. ஓரறையிற் பலர் நெருங்கி வாழ்ந்தோர்க்கு, எழுந்து நீர் மொண்டு தருவாரும் நோயுற்றே கிடந்தனர். பெண்டிர் ஆடவரினும் மிகுதியாய் மாண்டனர் என்பதும் அக்காலக் கணக்கு. வீட்டில் அனைவர்க்கும் உதவுவோள் அவளே. அவட்கு உதவுவோர் யார்? சமூகத் தொண்டுச் சங்கத்தாரும், மாணவர்களும், பற்பல வகுப்புச் சங்கத்தாரும் பாலும் மருந்தும் ஏந்தித் தெருக்களிற் சென்றதே அன்று கிடைத்த பேருதவி. அவர் தந்த மருந்துகள் நோயைத் தீர்க்கவில்லை என்பது இன்று தெரியும். கதவைத் தட்டி உள்ளே எட்டிப் பார்த்தது சிலரையேனும் காத்திருக்கும் என்றே நாம் கருதுகின்றோம்.

அவ்வாண்டு ஆகஸ்டு 12ஆம் நாளே வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஆடவ மருத்துவரை அழைக்க இசையாமையால் பிரசவத்தில் மாண்ட பெண்டிரைக் கண்டு மருத்துவத்தொழிலை மேற்கொண்டவர் அவர். 1909 முதல் ஒரு சிறு மோட்டார் வண்டியிற் குடியாத்தம் சாலைவழியே சென்று, மரநிழலில் நிறுத்தி மருந்து வழங்கி வந்தார். வாயிலுக்கு வரமாட்டாதவரிடம் வாயிலையே கொண்டு செல்லுதல் என்று இதனைச் சொல்லலாம்.

இனி நம் காலத்திற்கு வருவோம். 2020 மார்ச்சில் கொரோனா நோயை எதிர்கொள்ள மாநில அரசுகள் கையிலெடுத்தது அதே 1897ஆம் ஆண்டுச் சட்டமே. 123 ஆண்டுகட்குப் பின்னும் பழைய அச்சமும் உடன் எழுந்தது. நோய் கண்ட வீட்டின் முன் தகரம் அடித்து அடைத்தமையால், இருமலை மறைத்தோர் பலர். அவ்வாண்டு ஏப்ரலிற் சென்னையில், நோயுற்று மாண்ட மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கஞ்செய்யவிடாது ஒரு கூட்டம் கல்லெறிந்தது. உடன் சென்ற மருத்துவ நண்பர் நள்ளிரவில் தம் கையாலேயே மண்ணிட்டு மூடினார். பம்பாயில் ஆலைத்தொழிலாளர் எறிந்த கல்லுக்கும் இக்கல்லுக்கும் வேறுபாடு உண்டு. அவரைச் செலுத்தியது பிறர் கைவலிமைக்கு அஞ்சிய அச்சம். இவரை எவரும் இழுக்கவில்லை.

நன்மையும் நிகழ்ந்தது. சென்னைத் தெருக்களில் அமைத்த காய்ச்சல் முகாம்கள் வேலூர் மரநிழலின் வழிவந்தனவே. 104 என்னும் எண்ணில் ஆலோசனையும், 2008 முதல் நடைபெறும் 108 ஊர்தியும் பல்லாயிரவர்க்குக் கைகொடுத்தன. ஆயினும் 2021 மே திங்களில், அவ்வூர்திகளே நோயாளியை உள்வைத்துக்கொண்டு மருத்துவமனை வாயில்களில் வரிசையாய் நின்ற காட்சியை மறத்தல் அரிது. வாயில் வரை வழி திறந்தது. வாயிலின் உள்ளே இடமில்லை. நோய் உண்டென்னும் சோதனைச் சீட்டில்லாதாரைச் சேர்க்க மறுத்தமையால் உயிர்கள் ஊசலாடின. அச்சீட்டு இன்றியும் சேர்க்கலாம், வேற்றூரார் என்றோ அடையாள அட்டை இல்லையென்றோ எவரையும் திருப்புதல் கூடாது என்று ஒன்றிய அரசின் சுகாதார அமைச்சகம் ஆணையிட்டது அம்மே 8ஆம் நாளில்தான். ஒரு தாளின் பொருட்டு எத்தனை பேர் மூச்சிழந்து காத்துநின்றனரோ! உணவும் அவ்வாறே. 2020இல் அரிசி அட்டைக் குடும்பங்கட்கு 1000 ரூபாயும், 2021இல் இரு தவணையாக 4000 ரூபாயும் தமிழ்நாட்டில் வழங்கப்பெற்றன. அட்டை வேறு மாநிலத்திலும், வயிறு இம்மாநிலத்திலும் இருந்த தொழிலாளர்க்கு அவை எட்டவில்லை. தனி ஏற்பாடு செய்தவிடத்தே அவர் உண்டனர்.

வேறு நோயினரையும் நினைத்தல் வேண்டும். இந்தியாவில் 2019இல் ஏறக்குறைய 24 லட்சம் காசநோயாளர் கண்டறியப்பெற்றனர். 2020இல் 18 லட்சமே. நோய் குறையவில்லை, நோயாளர் வந்து சேரவில்லை. பேருந்து ஓடவில்லை, சென்றால் கொரோனா பற்றும் என்ற அச்சமும் உடனிருந்தது. சர்க்கரை நோய், குருதியழுத்தம் முதலியவற்றிற்கு மருந்தினை இல்லந்தோறும் கொண்டு சேர்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் என்னுந் திட்டம் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்றது இக்குறையை நோக்கியே.

மாணவர் செய்யத்தக்கது யாதென்று வினவுவோர்க்கு நாம் கூறுவது மிகச் சிறிது. மருத்துவர் வேலையை நாம் செய்யமாட்டோம். நான்காம் கூற்றுக்கு உரியவர் நாம். தெருவில் தனித்து வாழும் முதியோர் யாவர், அவர் நாடோறும் உண்ணும் மருந்து யாது, அண்மையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் எது, கிராம சுகாதாரச் செவிலியரின் பெயர் என்ன என்பவற்றை நோய் வருமுன் ஒரு தாளிற் குறித்து வைத்தல் இயலும். வீட்டிலிருந்தே சிகிச்சை பெறுவோர்க்கு விரலில் மாட்டும் உயிர்வளிமானியைக் காட்டிப் படிக்கக் கற்பித்தல் இயலும். அவ்வெண் 94க்குக் கீழ் இறங்கினால் உறவினர் வரட்டும் என்று காத்திராது உடனே 108ஐ அழைக்கச் சொல்லுதல் வேண்டும். மனம் சோர்ந்து உறங்காதார்க்கு 2022 அக்டோபர் முதல் 14416 என்னும் எண்ணில் தமிழிலேயே பேசுவோர் உளர். எழுதத் தெரியாதார் பொருட்டு அட்டையின் எண்ணையும் காப்பீட்டு எண்ணையும் தெளிவாய் எழுதி, கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்தல் நன்று. ஊர்தி வந்து நிற்கும்போது அவற்றைத் தேடிக்கொண்டிருக்க நேரமிராது.