ஒரு பொருளுக்கு இரு சொற்கள் உண்டா?

இந்திரன், சக்கரன், புரந்தரன் என்னும் மூன்று பெயர்களும் தேவர் கோமான் ஒருவனையே குறிக்கும் என்பர் நிகண்டு கற்றோர். சூடாமணி நிகண்டு இயற்றிய மண்டல புருடர் நம் சமயத்தவரே. ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் திரட்டித் தந்தவர். ஆயினும் நம் தத்துவ நூலோர் இம்மூன்றும் ஒன்றல்ல என்றும் உரைத்தனர். செல்வச் சிறப்பால் இந்திரன், ஆற்றலால் சக்கரன், பகைவர் புரங்களைப் பிளந்தமையால் புரந்தரன். சொல் வேறாயின் பொருளும் வேறாம் என்னும் இந்நோக்கே சமபிரூட நயம்.

உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயத்தில் கூறும் ஏழு நயங்களுள் நைகமம், சங்கிரகம், வியவகாரம், ருஜுசூத்திரம் ஆகிய நான்கும் பொருள் பற்றியன. சப்தம், சமபிரூடம், ஏவம்பூதம் ஆகிய மூன்றும் சொல் பற்றியன. ஏவம்பூதம் மிகக் கடியது. தொழில் நிகழுங்கால் மட்டுமே பெயர் பொருந்தும் என்பது. கேட்பவன் என்று பொருள்படும் 'சிராவகன்' என்னும் பெயர், அறவுரை கேளாத வேளையில் நமக்குப் பொருந்தாது! (இதற்கு அஞ்சித்தானோ இந்நயத்தை நாம் மிகுதியும் பேசுவதில்லை?)

இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சி அன்று. 2015 ஆகஸ்டு 10ஆம் நாள் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம், சந்தாரா எனவும் வழங்கும் சல்லேகனையைத் தற்கொலையாகக் கொண்டு, அது தண்டனைக்குரியது எனத் தீர்ப்பளித்தது. அம்மாதம் 31ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது. வழக்கின் உயிர்நாடி ஒரு சொல்லே என்பதை அன்பர்கள் கருத வேண்டும்.

உணவை விடுத்தார், உயிர் நீங்கிற்று என்று புறச்செயலை மட்டும் நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றும். அதுவும் ஒரு நோக்கே. பிற நோக்குகளை முற்றும் மறுக்கும்பொழுதுதான் அது துர்நயமாகிறது. இவ்வையம் புதியதும் அன்று. பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில், 'இது ஆத்மவதம் ஆகாதோ?' என்னும் வினாவைத் தாமே எழுப்பி, விருப்பு வெறுப்பு மயக்கங்களால் நஞ்சு, ஆயுதம் முதலியவற்றைக் கொண்டு தன்னை மாய்ப்பதே ஆத்மவதம் என்று விடை பகர்ந்தார். சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில், நீக்கவியலாத இடையூறு, பஞ்சம், மூப்பு, பிணி ஆகியன நேர்ந்தவிடத்தே அறத்தின் பொருட்டு உடலை விடுதலையே சல்லேகனை என்றார்.

இவற்றினும் கூரியதொரு சான்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உளது. அங்குச் சல்லேகனையின் குற்றங்கள் ஐந்தனுள் ஒன்றாக மரண விருப்பம் கூறப்படுகிறது. வாழ்வை விரும்புதல் குற்றமாவது போலவே, விரைவில் இறக்க வேண்டும் என எண்ணுதலும் இவ்விரதத்திற்குக் குற்றமாம். சாவை விரும்பிச் செய்யும் தற்கொலையும், சாவை விரும்பினால் பழுதாகும் விரதமும் ஒரு பெயரால் வழங்குதற்கு உரியன ஆகுமோ?

நம் இல்லங்களிலும் இச்சொற்கள் தேய்ந்து வருகின்றன. நிறைநிலை எய்திய பெரியவரைப் பற்றி, 'சாப்பிடாமலே செத்துப்போனார்' என்று பிள்ளைகள் கூறக் கேட்கிறோம். வேறு சொல்லை நாம் கற்பிக்கவில்லை. அவர்கள் பிழை அன்று.

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், இருபத்து நான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பட்ட பாறையுள்ள அதே குன்றில், பழமையானதொரு கல்வெட்டு உண்டு. 57 நாள் அனசனம் இருந்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை அது. அக்கல்லில் 'இறந்த' என்னும் சொல் இல்லை. 'நோற்ற' என்றே பொறித்திருக்கின்றனர்.