எக்செல்லில் ஒரு சாகச விளையாட்டு

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த கதை விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அதில் வீரர்கள். கண்டாச்சிபுரத்துக்கு விடுமுறையில் வந்த எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காக, முதல் சாகசத்தை வேர்டில் பத்துப் பக்கம் டைப் செய்தேன். வாசல் வழியே போவார்கள் என்று எழுதியிருந்தேன். அவர்கள் மதில் ஏறினார்கள். விடாமல் வாசலுக்கே இழுத்தேன். பாதியில் எழுந்து போய்விட்டார்கள்!

அடுத்த முறை ஒரே எக்செல் ஷீட். முதல் காலத்தில் இடம், அடுத்ததில் தடை, மூன்றாவதில் துப்பு. களம், பிள்ளைகள் பார்த்திருந்த செஞ்சிக் கோட்டை. காலம், முகலாயர் முற்றுகை (1690-1698). நோக்கம் ஒன்றே: ராஜகிரி உச்சிக்கு ஓலை கொண்டுபோக வேண்டும். தடைகள் மூன்று: காவலர் நிற்கும் வாசல், பூதம் குடியிருக்கும் களஞ்சியம், உச்சிக்கு முன் பாறைப் பிளவின் மேல் மரப்பாலம். தீர்வை மட்டும் எழுதாதீர்கள். அது ஆடுபவர் வேலை.

இருபது முகப் பகடை இல்லையா? காலி செல்லில் சமக்குறி போட்டு, ராண்ட்பிட்வீன் என்று ஆங்கிலத்தில் சேர்த்து டைப் செய்து, அடைப்புக்குறிக்குள் 1,20 கொடுத்து என்டர் தட்டுங்கள். எஃப்9 கீயை அழுத்தும்போதெல்லாம் புது எண் வரும். 12 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி. குறைந்தால் ஆட்டத்தை முடிக்காதீர்கள். புதுச் சிக்கல் கொடுங்கள்.

பாலத்தில் எங்களுக்கு 4 வந்தது, பாலம் அறுந்தது. "நாளைக்கு எத்தனை மணிக்கு மாமா?" என்றார்கள் பிள்ளைகள்.