இரண்டாவது இறக்கம் சொல்லும் உண்மை

என் அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர். 2011இல் 5 விழுக்காடு செம்பனை பயோடீசல் கலந்த டீசல் நெகிரி செம்பிலானுக்கு வந்தபோது நான் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. "சமையல் எண்ணெயை ஊற்றினால் இன்ஜின் அடைக்காதா?" என்று அப்பா கேட்டார்.

நியாயமான கேள்வி. எண்ணெய் மெத்தனாலுடன் வினைபுரிந்து மெத்தில் எஸ்டராக மாறினால்தான் அது பயோடீசல். மாறாமல் தங்கும் எண்ணெய் கெட்டியானது. இன்ஜெக்டரில் கரியாகப் படியும்.

கண்டறிவது எப்படி? சில மில்லிகிராம் மாதிரியை நைட்ரஜனில் சூடேற்றிக்கொண்டே எடை பார்க்கிறோம். எஸ்டர் ஏறக்குறைய 250 பாகை செல்சியஸுக்குள் ஆவியாகிவிடும். எண்ணெயோ 350ஐத் தாண்டியே எடை இழக்கும். வரைபடத்தில் இரண்டாவது இறக்கம் தெரிந்தால் எண்ணெய் மிஞ்சியிருக்கிறது. இறக்கத்தின் அளவே கலப்பின் அளவு. ஐரோப்பியத் தரம் அனுமதிக்கும் 0.2 விழுக்காடு போன்ற நுண்ணளவுக்கு மட்டும் வாயு நிறப்பிரிகை தேவை.

அப்பாவுக்கு இன்று என் பதில்: "எண்ணெய் மிஞ்சினால் அடைக்கும்ப்பா, முழுதும் மாறியிருந்தால் பயமில்லை."